புதுப்பிப்பு: குளச்சல் உப்புக்காற்றுல மங்கின காருக்கு பாலிஷ் போட்ட கதை

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்: கடலோரம் நிக்கிற கார், பானட் மங்கிப்போச்சு, எந்த பாலிஷ் வாங்கலாம்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலை முடிஞ்சாச்சு.

பாலிஷும் வேக்ஸும் ஒண்ணுன்னு நினைச்சதுதான் நான் செஞ்ச தப்பு. பாலிஷ், பெயின்ட்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டை (நிறமில்லாத பூச்சு) மெல்லிசா தேய்ச்சு எடுத்துத்தான் கீறலைப் போக்குது. அடிக்கடி போட்டா பூச்சே மெலிஞ்சிடும். காப்பாத்துறது அதுக்கு மேல போடுற வேக்ஸோ, சீலன்ட்டோ (செயற்கையா செஞ்ச பாதுகாப்புப் பூச்சு) தான். கார்னோபா வேக்ஸ் (ஒரு வகைப் பனை இலையில இருந்து எடுக்கிற மெழுகு) கொடுக்கிற மினுக்கம் தனி அழகு, ஆனா நம்ம வெயிலுக்கு நிக்காது. ரெண்டு பருவமழையும் கொட்டுற மாவட்டம் வேற. அதனால சீலன்ட் எடுத்தேன்.

முதல்ல நிறைய தண்ணி விட்டு உப்பையும் மணலையும் கழுவணும். இதை மட்டும் விட்டுடாதீங்க. மணலோட துணி வச்சா புதுக் கீறல் விழும். காலையில நிழல்ல, தகடு தொட்டா சூடில்லாதப்போ, ஒவ்வொரு கதவா மைக்ரோஃபைபர் துணியால சீலன்ட்டை மெல்லிசா தடவினேன். ரப்பர்ல பட்டா வெள்ளைக் கறை நிக்கும், டேப் ஒட்டிக்கோங்க.

நேத்து மழையில தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிச்சு. அது பரவி நிக்க ஆரம்பிச்சா அடுத்த கோட் போடுவேன்.