தோவாளைப் பூச்சந்தைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: கேனான் 1500டி கேமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் மட்டும்தான் கையில். விடியுமுன் தோவாளைச் சந்தைக்குப் போனால், பூ கட்டும் அக்காமாரின் விரல்கள் கலங்கியே விழுகின்றன. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனைக் கூட்டினால் பிச்சியின் வெள்ளை முழுக்கப் புள்ளி. 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். 50 எம்எம் எஃப்/1.8 எடுக்கவா, தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 ஜூம் எடுக்கவா?

பதில் 1: தேரூர் குளத்துப் பறவைகளுக்கு என்றால் 55-250தான் தம்பி. இருட்டுச் சந்தைக்கு அது உதவாது.

பதில் 2: நீங்கள் சொன்ன 50 எம்எம் எஃப்/1.8-இன் எஸ்டிஎம் மாடலை எடுங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸ் 55-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் 1500டியின் சென்சார் சிறியது, அதனால் 50 என்பது 80 எம்எம் போல, காட்சியைக் குறுக்கிக் கிட்டத்தில் காட்டும். சந்தையில் பின்னால் நகர இடம் ஏது? அதனால் வாங்குமுன் ஒரு காலை முழுக்க 18-55ஐ 50-இல் வைத்து, ஜூம் வளையத்தைத் திருகாமல் எடுத்துப் பாருங்கள். அப்புறம், 35 சென்டிமீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. எஃப்/1.8-இல் ஒரு விரல் தெளிவாகும், அடுத்தது மங்கும், எஃப்/2.8 வைத்தால் தெளிவாகும் பகுதி கொஞ்சம் கூடும். முட்டத்தில் அலைத்துளி பட்டு என் லென்ஸில் உப்பு படிந்தது. உலர்ந்த துணியால் தேய்த்ததில் கீறல். அதனால் லென்ஸின் முன்கண்ணாடியைக் காக்க 49 எம்எம் ஃபில்டர் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: இன்று 50-இல் வைத்து எடுத்தேன் அண்ணா. விரல், நூல், வாழைநார் எல்லாம் சரியாக அடங்குகின்றன. அதையே வாங்குகிறேன்.