அர்ஜென்ட்: நல்ல வாஷிங் மெஷின் ஒண்ணு சொல்லுங்க, இன்னைக்கே வாங்கணும்

காஞ்ச_சட்டை (சனி, காலை 9:10)
வணக்கம் மக்களே. வீட்ல மெஷின் செத்துப் போச்சு. மெக்கானிக் வந்து பார்த்துட்டு போர்டு போச்சு, 7,500 ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பழைய மெஷினுக்கு அவ்ளோ கொட்டி அழணுமா? புதுசே வாங்கிடலாம்னு இருக்கோம். நாள்பட உழைக்கணும், விலையும் கட்டுப்படி ஆகணும். எது வாங்கலாம்? சாயந்திரம் தி.நகர் போறோம், அதுக்குள்ள சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.

குரோம்பேட்டை_அக்கா (9:18)
பட்ஜெட் எவ்ளோப்பா? வீட்ல எத்தனை பேர்? கைக்குழந்தை இருக்கா? மேல மூடி வெச்சதா, முன்னாடி கதவு வெச்சதா? எதுவுமே சொல்லாம எது வாங்கலாம்னா, மாப்பிள்ளை யாருன்னே சொல்லாம பொண்ணு பாருங்கன்ற மாதிரி இருக்கு.

ஸ்பின்_மாஸ்டர் (9:24)
இதே கேள்வி இங்கே மாதம் நாலு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கடைசி முறையாகச் சொல்கிறேன்: ஃப்ரன்ட் லோடு, இன்வெர்ட்டர் மோட்டார், உள்ளே ஹீட்டர். மற்றதெல்லாம் துவைக்கும் மெஷின் அல்ல, துணியைக் குலுக்கும் டிரம்.

காஞ்ச_சட்டை (9:31)
சாரி. 20க்குள்ள. நாலு பேர். இருந்தது டாப் லோடு, அதே போதும்.

ஈபி_கார்டு (9:37)
வாடகை வீடா, சொந்த வீடா? இதை முதல்ல சொல்லுங்க. ஹீட்டர் உள்ள மெஷின்னா சுமார் 2,000 வாட் இழுக்கும், அதுக்கு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேணும். ரெண்டு மாசத்துக்கு இத்தனை யூனிட் இலவசம்னு பேரு, ஆனா சப் மீட்டர் வெச்சு ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குற வீட்ல அதெல்லாம் நம்ம கண்ல படாது. பாத்ரூம்ல வெக்கிறதா இருந்தா எர்த் சரியா இருக்கான்னும் பாருங்க. எங்க வீட்ல மெஷின் மேல கை வெச்சா சுர்ருனு ஏறிச்சு, எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழட்டிப் பார்த்தா எர்த் ஒயரே இல்ல.

குரோம்பேட்டை_அக்கா (9:45)
20,000 எதுக்குப்பா? நான் 12 வருஷமா செமி ஆட்டோமேட்டிக் தான் வெச்சிருக்கேன். இன்னைக்கும் 10, 12 ஆயிரத்துக்குக் கிடைக்குது. ரெண்டு தொட்டி, நாலு திருகு, அதுல போறதுக்கு போர்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. 2019ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோமே, அப்ப அலசுன தண்ணியைக் கீழ விடாம அடுத்த ஈடு துணிக்கு வெச்சுக்குவேன். வெள்ளைத் துணி மொதல்ல, அப்புறம் கலர், கடைசியா மிதியடி. ஃபுல் ஆட்டோமேட்டிக்ல அந்தத் தண்ணி எல்லாம் அதுபாட்டுக்கு டிரெயின்ல போயிடும், பார்த்துட்டே நிக்க வேண்டியதுதான்.

ஸ்பின்_மாஸ்டர் (9:52)
அக்கா, ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குக் கையால் தூக்கிப் போடுவதற்கு எதற்கு மெஷின்? கல்லிலேயே துவைத்துவிடலாமே. தண்ணீர் மிச்சம் வேண்டுமென்றால் அதற்கும் ஃப்ரன்ட் லோடுதான் பதில். டாப் லோடு குடிக்கும் தண்ணீரில் பாதி போதும்.

குரோம்பேட்டை_அக்கா (9:55)
கல்லுல துவைச்ச கைதான் தம்பி இது. அவர் 20க்குள்ளன்னு சொல்லியாச்சு, உங்க ஃப்ரன்ட் லோடு அதைத் தாண்டி இல்ல ஆரம்பிக்குது?

வேளச்சேரி_படகு (10:02)
எந்த மாடின்னு யாராவது கேட்டீங்களா? மிக்ஜாம் புயல் அப்போ (2023 டிசம்பர்) எங்க கிரவுண்ட் ஃப்ளோர்ல முழங்கால் அளவு தண்ணி. ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்துனோம், மெஷினை மறந்துட்டோம். மோட்டாரும் ஒயரும் அடியில தானே இருக்கு, தண்ணி வடிஞ்சதும் பார்த்தா உள்ள ஒரே சேறு. இப்ப ரெண்டு வரிசை ஹாலோ பிளாக் கட்டி மேல சிமென்ட் போட்டு அதுல வெச்சிருக்கேன். கிரவுண்ட் ஃப்ளோர்னா மேடை கட்டிட்டு மெஷின் வாங்குங்க. எலி ஏறாம இருக்க மெஷினுக்கு அடியில வலையும் அடிச்சிடுங்க.

பானா_ஸ்பேனர் (10:11)
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. தம்பி, செத்துப் போச்சுன்னா எப்படி? லைட்டே எரியலையா? எரிஞ்சும் சுத்தலையா? தண்ணி உள்ள வரலையா? டிஸ்ப்ளேல ஏதாவது எழுத்து காட்டுதா? எந்த ஏரியா, எத்தனாவது மாடி, மேல டேங்க் இருக்கா? மெஷினுக்குப் போற குழாய்ல 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. இதுக்குப் பதில் வராம நான் எந்த மாடலும் சொல்ல மாட்டேன்.

திருவான்மியூர்_உப்புக்காத்து (10:20)
ஏரியா முக்கியம். எங்க பக்கம் மெட்ரோ வாட்டர், மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல. போர் தண்ணி மட்டும்னா எந்த கம்பெனி வாங்கினாலும் உப்பு படியும்.

ஸ்பின்_மாஸ்டர் (10:24)
உங்கள் பக்கம் நெம்மேலியிலிருந்து வரும் கடல் தண்ணீர். அதில்தான் உப்பு அதிகம். துணியின் நிறமே போய்விடும்.

திருவான்மியூர்_உப்புக்காத்து (10:29)
கடல் தண்ணியை அப்படியே குழாயில விடுறாங்கன்னா நினைச்சீங்க? உப்பை எடுக்கத்தான் அங்க ஆலையே இருக்கு, ஆர்.ஓ. முறை. 2013ல இருந்து ஓடுது, 2024ல பக்கத்திலயே இன்னொண்ணும் திறந்தாச்சு. சாதாரண போர் தண்ணியை விட அது மென்மை. சோப்பு நல்லா நுரைக்குது சார், வந்து பாருங்க.

ஸ்பின்_மாஸ்டர் (10:33)
நுரை வருவது தண்ணீரின் தரத்துக்கு அளவுகோல் அல்ல. அளவுக்கு மேல் பவுடர் கொட்டினாலும்தான் வரும்.

திருவான்மியூர்_உப்புக்காத்து (10:35)
கடினத் தண்ணியில சோப்பு நுரைக்காதுன்னு எட்டாம் கிளாஸ் பையனைக் கேட்டாக்கூடச் சொல்லுவான்.

வேளச்சேரி_படகு (10:41)
நீங்க உப்புக்கு அடிச்சுக்குறீங்க, எங்க போர்ல இரும்பு. பிடிக்கிறப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில அரை மணி நேரம் வெச்சா டீ கலர். பையனோட ஸ்கூல் வெள்ளைச் சட்டை மூணே மாசத்துல சந்தன கலர் ஆயிடுச்சு. சட்டை வெளுக்கட்டும்னு ப்ளீச் வேற ஊத்துனோம், இன்னும் மோசமாப் போச்சு. இரும்புக் கறைக்கு ப்ளீச் ஆகவே ஆகாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, கறை அப்படியே நின்னு போகும். எலுமிச்சம்பழம் தேய்ச்சு வெயில்ல போட்டா கொஞ்சம் விடுது.

குரோம்பேட்டை_அக்கா (10:44)
பள்ளிக்கூடச் சட்டையை அரிசி கழுவுன தண்ணியில ஊறப்போட்டுப் பாருங்க.

ஈபி_கார்டு (10:46)
வாடகை வீடான்னு கேட்டேன், அதுக்கே இன்னும் பதில் இல்ல.

காஞ்ச_சட்டை (11:20)
வெளிய போயிருந்தேன். மடிப்பாக்கம், வாடகை, ரெண்டாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி தான். லைட் எரியுது. பட்டன் அமுக்குனா உஸ்ஸுன்னு சத்தம், தண்ணி நூல் மாதிரி விழுது. கொஞ்ச நேரத்துல பீப் பீப்னு கத்தி ஐ.ஈ. னு காட்டுது. பக்கெட்டுக்கு நாலு நிமிஷம் ஆச்சு.

பானா_ஸ்பேனர் (11:28)
இதைக் காலையிலயே சொல்லியிருந்தா அக்காவும் மாஸ்டரும் இவ்ளோ நேரம் மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

ஐ.ஈ. னா தண்ணி குறிச்ச நேரத்துக்குள்ள நிறையலன்னு மெஷின் சொல்லுது. போர்டும் காரணமா இருக்கலாம், வால்வு காயிலும் இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா 7,500 கொடுக்குறதுக்கு முன்னாடி காசே இல்லாத வேலை ஒண்ணு இருக்கு. பிளக்கைப் புடுங்குங்க. குழாயை மூடுங்க. மெஷினுக்குப் பின்னாடி தண்ணி ஓஸ் மாட்டியிருக்குற மரையைக் கையாலயே கழட்டுங்க, கீழ ஒரு துணி போட்டுக்குங்க. ஓஸ் இருந்த வாய்க்குள்ள எட்டிப் பார்த்தா சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஜல்லடை தெரியும், நடுவுல பிடிக்க ஒரு மூக்கு இருக்கும். சின்னக் குறடால அந்த மூக்கைப் பிடிச்சு நேரா இழுங்க, திருகாதீங்க. மடிப்பாக்கம் போர்னா அது ஜல்லடையா இருக்காது, சுண்ணாம்பு வில்லையா இருக்கும். வினிகர்லயோ எலுமிச்சைச் சாறுலயோ ஒரு மணி நேரம் ஊறப்போட்டு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ங்க. குழாய்ப் பக்கமும் ஓஸ்ல வலை இருக்கான்னு பாருங்க. கழுவுன ஜல்லடையை மறக்காம திரும்ப மாட்டுங்க, இல்லன்னா டேங்க் மண்ணு நேரா வால்வுக்குள்ள போயிடும்.

அடுத்தது உயரம். 10 மீட்டர் உயரத்துல தண்ணி நின்னா சுமார் 1 பார் அழுத்தம். உங்களுக்கு டேங்க் தலைக்கு நேர் மேல, குழாய்ல இருந்து மூணு நாலு மீட்டர் இருந்தா அதிகம். அப்ப 0.3, 0.4 பார் தான். நிறைய மெஷினோட புக்லெட்ல குறைஞ்சபட்சமே 0.3ல இருந்து 0.5 வரைக்கும் போட்டிருப்பான். கீழ் வீட்டுக்காரருக்கு ஜோரா வரும், டேங்குக்குப் பக்கத்துல இருக்குற உங்களுக்குத்தான் வராது. இந்த வீட்ல 40,000க்குப் புது மெஷின் இறக்குனாலும் அதுவும் கத்தத்தான் செய்யும்.

ஸ்பின்_மாஸ்டர் (11:36)
நேரில் வந்து பார்த்த மெக்கானிக்குக்குத் தெரியாதது, இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிகிறதா?

பானா_ஸ்பேனர் (11:39)
ஓஸைக் கழட்டிப் பார்த்தாராமான்னு அவரையே கேளுங்க.

காஞ்ச_சட்டை (11:47)
கழட்டல. அஞ்சு நிமிஷம்தான் இருந்தாரு. விசிட்டிங் சார்ஜ் 450 வாங்கிட்டாரு.

ஈபி_கார்டு (11:50)
வாடகை வீடுன்னா, தண்ணி அழுத்தம் கூட்ட பூஸ்டர் பம்ப் வெக்க ஓனர் கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. கரன்ட் உங்களுது, பைப் அவருதுன்னு பின்னாடி சண்டை வரும். எங்க ஓனர் மொட்டை மாடியில கொடி கட்டவே விட மாட்டேன்னாரு.

குரோம்பேட்டை_அக்கா (11:53)
செமி ஆட்டோமேட்டிக்னா பக்கெட்டால ஊத்திக்கலாம், பாரும் வேணாம் மீட்டரும் வேணாம். நான் மொதல்லயே சொன்னேன்.

திருவான்மியூர்_உப்புக்காத்து (12:05)
ஜல்லடை வேலைக்கு ஆகலைன்னா, 20க்குள்ள 7 கிலோ டாப் லோடு எல்ஜி, சாம்சங், வேர்ல்பூல், கோத்ரெஜ், ஹையர் எல்லாத்துலயும் இருக்கு. லோ பிரஷர்லயும் ஓடும்னு சொல்லியே சில மாடல் விக்குறாங்க, அதைக் கேட்டு வாங்குங்க. கடைக்காரர் 10 வருஷ வாரண்டின்னு பெருசாச் சொல்லுவாரு, பெரும்பாலும் அது மோட்டாருக்கு மட்டும். போர்டுக்கு எத்தனை வருஷம்னு கேட்டா கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பிச்சுடுவாரு. உங்க ஏரியாவுக்கு சர்வீஸ் ஆள் எத்தனை நாள்ல வராருன்னு அக்கம்பக்கத்துல விசாரிங்க. இந்த விலைல பிராண்டை விட அதுதான் வித்தியாசம்.

ஸ்பின்_மாஸ்டர் (12:11)
டாப் லோடு வாங்குங்கள், இரண்டு வருடத்தில் திரும்ப இங்கேதான் வருவீர்கள்.

வேளச்சேரி_படகு (12:14)
மாஸ்டர், உங்க ஃப்ரன்ட் லோடு சமையலறையில இருந்து ஹால் வரைக்கும் நடந்து வந்ததுன்னு போன வருஷம் நீங்கதானே எழுதுனீங்க? கொண்டு வர்றப்ப டிரம் ஆடாம இருக்கப் பின்னாடி மாட்டுற டிரான்சிட் போல்ட்டைக் கழட்டாமலே ஓட்டிட்டேன்னு?

ஸ்பின்_மாஸ்டர் (12:20)
அது மாட்டிக் கொடுக்க வந்தவரின் தவறு. இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதது.

காஞ்ச_சட்டை (ஞாயிறு, இரவு 8:40)
ஜல்லடை பூரா வெள்ளை. வினிகர்ல போட்டதும் பொங்கிச்சு. இப்போ மெஷின் ஓடுது. டேங்க் ரொம்பி இருந்தா பிரச்சனை இல்ல, காலைல எல்லாரும் குளிக்கிற நேரத்துல மட்டும் திரும்ப ஐ.ஈ. அதனால ராத்திரி போட ஆரம்பிச்சுட்டோம். புது மெஷின் தீபாவளிக்குப் பார்த்துக்கலாம். நன்றி பானா அண்ணே.

பானா_ஸ்பேனர் (8:52)
சந்தோஷம். ஜல்லடையைத் திரும்ப மாட்டிட்டீங்களா?

பானா_ஸ்பேனர் (திங்கள், காலை 7:15)
தம்பி, ஜல்லடை?

குரோம்பேட்டை_அக்கா (7:40)
பதில் வராது. நேத்து ராத்திரி போட்ட துணியைக் காயப்போட மாடிக்குப் போயிருக்கும்.