வாக்குவம் கிளீனர்: கார்பன் மாற்றியும் பொறி நிற்கவில்லை. ஆர்மேச்சர்தானா (மோட்டாரில் சுழலும், காயில் சுற்றிய பகுதி)?

வணக்கம் நண்பர்களே. 230 வோல்ட், 1400 வாட் அப்ரைட் மாடல். விட்டுவிட்டு ஓடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் வயரை வளைக்கும்போது கன்டின்யூட்டி (கரண்ட் பாதையின் தொடர்ச்சி) போய்ப்போய் வருகிறது. இந்த வகை மெஷினில் வழக்கமாக அறும் இடம்தான். அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி இணைத்தாச்சு. சுவிட்ச், தெர்மல் கட்-ஆஃப் (மோட்டார் சூடேறினால் தானே நிறுத்துவது) இரண்டும் சரி. பிரஷ் ரோலரும் தடையில்லாமல் சுற்றுகிறது.

கார்பன் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் உரசு கட்டை) 6 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தது, ஜோடியாகவே புதுசு போட்டாச்சு. சிக்கல் இனிமேல்தான்: கம்யூட்டேட்டரைச் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செப்பு உருளை) சுற்றி வளையம் போலத் தீப்பொறி, ஐந்தே நிமிடத்தில் தெர்மல் கட். புதுக் கார்பன் படியும்வரை லேசாகப் பொறி வரும்தான், ஆனால் இது அந்த ரகமில்லை. எதிரெதிரே இரண்டு செக்மென்ட் (கம்யூட்டேட்டரின் செப்புத் துண்டுகள்) கருகியிருக்கின்றன. இடுக்கில் இருந்த கார்பன் தூளைச் சுரண்டி எடுத்தும் மாற்றமில்லை.

பக்கத்துப் பக்கத்து செக்மென்ட்டுக்கு நடுவே ஓம் அளவு ரொம்பக் குறைவு, சாதா மீட்டரை நம்ப முடியாது. 1 ஆம்பியர் டிசி கொடுத்து மில்லிவோல்ட் பார்த்து, காயில் ஷார்ட்டா ஓப்பனா (அறுந்ததா) என்று பிரித்தவர்கள் இருக்கிறீர்களா? செக்மென்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம்? ரீவைண்டிங் (காயிலை மறுபடி சுற்றுவது), முழு மோட்டார் மாற்றுவது, எது கட்டுப்படியாகும்?