டேங்க் உதவி: பலாடின் லெவல் 41, மாப் எல்லாம் ஹீலர் மேல பாயுது, பெரிய புல்லில் (கூட்டமா இழுக்கும்போது) நானும் விழறேன்

புதுக்கேடயம்

கேம் ஃபைனல் ஃபேன்டஸி 14. ஜாப் பலாடின், அதாவது எதிரி அடியைத் தன் மேல வாங்கற டேங்க். லெவல் 41, ஸ்டோன் விஜில் டஞ்சன் வரைக்கும் வந்தாச்சு. சிக்கல் இதுதான்:

ரெண்டு கூட்டத்தை சேர்த்து இழுத்தா நாலஞ்சு மாப் (சாதாரண எதிரி) என்கிட்ட நிக்குது, ஒண்ணு ரெண்டு ஹீலரைத் (உயிர் ஏத்தறவரை) துரத்துது. ப்ரோவோக் போட்டு ஒண்ணைத் திருப்பறதுக்குள்ள அடுத்தது போயிடுது. அதைச் சமாளிச்சாலும் 15 நொடிக்குள்ள என் ஹெச்பி (உயிர் அளவு) கரைஞ்சிடுது.

நான் பண்றது: முதல் கூட்டத்துல ஒரு மாப் மேல ஷீல்டு லாப் (கேடயத்தை எறியற அடி), ஓட்டம், ரெண்டாவது கூட்டத்துலயும் ஷீல்டு லாப், நின்ன இடத்துல டோட்டல் எக்லிப்ஸ் (சுத்தி இருக்கற எல்லாத்தையும் அடிக்கற திறன்) தொடர்ந்து. அயர்ன் வில் (மாப்பை என் பக்கம் இழுக்கற டேங்க் ஸ்டான்ஸ்) ஆன்லதான் இருக்கு. ஹெச்பி பாதிக்குக் கீழ போனா ராம்பார்ட் (வாங்கற அடியைக் குறைக்கற திறன்). அதைவிடப் பெரிய சென்டினலை ஆபத்துக்குன்னு வச்சிருக்கேன்.

எதை மாத்தணும்?

மண்கவசம்

அக்ரோ (மாப்போட கவனம்) உங்களை விட்டுப் போறதுக்குக் காரணம் ஷீல்டு லாப். அது ஒரே ஒரு மாப்பைத்தான் தொடும். கூட வர்ற மத்ததெல்லாம் உங்க பின்னாடி ஓடி வருதே தவிர, அதுங்க கணக்குல உங்க பேர்ல கிட்டத்தட்ட எதுவுமே ஏறலை. அந்த நேரத்துல ஹீலர் உங்களுக்கு ஒரு ஹீல் போட்டா, சண்டையில இருக்கற எல்லா மாப்பும் அதைக் குறிச்சு வச்சுக்கும். நீங்க அடிக்காத மாப்புக்கு அந்த ஒரு ஹீலே போதும், திரும்பிடும்.

அயர்ன் வில் மாப்புக்கு உங்க மேல ஏறற வெறுப்பை சுமார் பத்து மடங்கு ஆக்குது. ஆனா பூஜ்ஜியத்தைப் பத்தால பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். ஒவ்வொரு மாப்பும் உங்க கையால ஒரு அடியாவது வாங்கியிருக்கணும்.

செய்ய வேண்டியது: ஸ்பிரின்ட் போட்டு முதல் கூட்டத்துக்கு நடுவுல ஓடுங்க. நடுவுல இருக்கும்போது ஒரு டோட்டல் எக்லிப்ஸ். நிக்காம அடுத்த கூட்டத்துக்குப் போங்க. அங்க நடுவுல ஒண்ணு. நின்ன பிறகு டோட்டல் எக்லிப்ஸ், ப்ராமினென்ஸ்னு மாத்தி மாத்தி. ப்ராமினென்ஸ் லெவல் 40-ல வந்திருக்கும், அதை ஹாட்பார்ல வச்சீங்களான்னு பாருங்க. எக்லிப்ஸ் மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்தா காம்போவோட பாதிப் பலன் வீண்.

ரெண்டுக்குமே வீச்சு உங்களைச் சுத்தி 5 யால்ம்தான் (யால்ம் இந்த கேமோட தூர அளவு). ஓட்டத்துல மாப் திரையில் தெரியற இடம் உண்மையான இடத்தைவிடக் கொஞ்சம் பிந்தியே இருக்கும், பிங் (நெட் தாமதம்) அதிகம்னா இன்னும் மோசம். அதனால கூட்டத்தோட விளிம்புல அடிக்காதீங்க. இன்னும் ரெண்டு அடி உள்ள போய் அடிங்க.

ஷீல்டு லாப் வேண்டாம்னு சொல்லலை. வழி தவறிப் போன ஒரு மாப்பைக் கூப்பிடறதுக்கு அதுதான் கருவி. கூட்டத்தைத் தொடங்கறதுக்கு இல்லை.

பழைய ஆர்க்

வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) கேம்ல இருந்து வந்தவன் சொல்றேன். ஒருத்தன் உங்க வெறுப்பைத் தாண்டின உடனே மாப் அவன் மேல போகாது. பக்கத்துல நின்னு அடிக்கிறவன்னா 110 சதவீதம், தூரத்துல இருந்து அடிக்கிறவன்னா 130 சதவீதம் தொடணும். அந்த இடைவெளி உங்க கையில இருக்கு. இது தெரிஞ்சா பதற்றம் குறையும்.

கணக்கன்

அது வாவுக்கு சரி தலைவா. இங்க அந்த 110, 130 கணக்கு கிடையாது. வெறுப்புப் பட்டியல்ல முதல் இடம் யாருக்கோ அவர் மேல மாப் திரும்பும், அவ்வளவுதான். டான்ட்டும் (மாப்பைத் தன் பக்கம் திருப்பற திறன்) வேற மாதிரி. வாவ்ல டான்ட் உங்களை முதல் ஆளோட சமமாக்கி 3 நொடி பிடிச்சு வைக்கும், அதுக்குள்ள அடிச்சு நிலைநாட்டணும். இங்க ப்ரோவோக் நேரா முதல் இடத்துல உட்கார வச்சு மேல கொஞ்சம் கூடுதலும் தரும். ஆனா 30 நொடி கூல்டவுன் (மறுபடி போடறதுக்கான காத்திருப்பு). அதனாலதான் மாப் மாப்பா ப்ரோவோக் போட்டு சமாளிக்க முடியாது. அது ஒரே ஒரு தப்பைத் திருத்தற அழிப்பான்.

புதுக்கேடயம், எதிரிப் பட்டியலைத் திரையில் கண்ணுக்கு நேரா கொண்டு வாங்க. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு குறி இருக்கும். சிவப்புச் சதுரம்னா உங்க மேல. வேற நிறம்னா வேற ஆள் மேல. எந்த மாப் ஓடுதுன்னு தேடாம, நிறம் மாறின பேரை அங்கேயே கிளிக் பண்ணி ஷீல்டு லாப் அல்லது ப்ரோவோக். டேப் விசையால தேடினா கூட்டத்துல ஒருநாளும் சரியான ஆள் கிடைக்க மாட்டான்.

இப்ப நீங்க சாகற விஷயம். மத்தவங்க அக்ரோவைப் பேசி முடிச்சிட்டாங்க, எனக்கு இதுதான் பெரிய ஓட்டையா தெரியுது. ராம்பார்ட் 20 சதவீதம் குறைக்கும், 20 நொடி, 90 நொடிக்கு ஒரு தடவை. சென்டினல் 30 சதவீதம், 15 நொடி, 120 நொடிக்கு ஒரு தடவை. நொடிக்கு 1000 அடி வருதுன்னு வைங்க. ஒண்ணு முடிஞ்ச பிறகு இன்னொண்ணு போட்டா ராம்பார்ட் 4000, சென்டினல் 4500, மொத்தம் 8500 அடி தடுக்கப்படும், 35 நொடி மூடியிருக்கும். ரெண்டையும் ஒண்ணா அழுத்தினா 20-ம் 30-ம் கூட்டி 50 ஆகாது. 0.8 பெருக்கல் 0.7, அதாவது 44 சதவீதம்தான். 15 நொடிக்கு 6600, மீதி 5 நொடி ராம்பார்ட்டுக்கு 1000, மொத்தம் 7600. 20 நொடிக்கு மேல வெறும் உடம்பு.

ஆக, பொதுவா வரிசையா போடணும். அதுலயும் பெரியதை முதல்ல. தொடக்கத்துல எல்லா மாப்பும் உயிரோட இருக்கு, 20 நொடி கழிச்சு பாதி செத்திருக்கும். சென்டினலைக் கடைசிக்கு வச்சா, அடி குறைஞ்ச நேரத்துல பெரிய கேடயத்தைச் செலவழிக்கறீங்க. ஹெச்பி பாதி ஆன பிறகு போடற ராம்பார்ட் ஏற்கெனவே விழுந்த அடியைத் திருப்பித் தராது.

உங்க லெவலுக்கு: முதல் புல்லில் நின்ன உடனே சென்டினல், அது முடியறப்ப ரிப்ரைசல் (சுத்தி இருக்கற எதிரியோட அடியைக் குறைக்கும்). அடுத்த புல்லில் ராம்பார்ட்டும் ஆர்ம்ஸ் லெங்த்தும். ரிப்ரைசல் 60 நொடி கூல்டவுன்தான், ஒவ்வொரு புல்லுக்கும் கிடைக்கும். ஆனா அதுக்கும் வீச்சு 5 யால்ம். மாப் கூடாம சிதறிக் கிடக்கும்போது போட்டா பாதிக்குத்தான் படும்.

ஷெல்ட்ரானை (கேடயத்தால அடியைத் தடுக்கற திறன்) மறக்காதீங்க. ஆட்டோ அடி (தானா விழற அடி) ஒவ்வொண்ணுக்கும் ஓத் மீட்டர் 5 ஏறும், ஷெல்ட்ரானுக்கு 50 செலவாகும். பத்து அடிக்கு ஒரு ஷெல்ட்ரான். 100-ல நின்னுட்டா மேல ஏறறது வீண், அதனால நிறைய விடாம போட்டுக்கிட்டே இருங்க.

நள்ளிரவு ஹீலர்

ஆர்ம்ஸ் லெங்த் பத்தி ஒரு வரி சேர்க்கறேன், ஏன்னா நிறைய டேங்க் அதைத் தள்ளிவிடாம இருக்கறதுக்கான திறன்னு மட்டும் நினைச்சு வச்சிருக்காங்க. அந்தத் தடுப்பு 6 நொடி இருக்கும்போது உங்களை நேரடி உடல் அடி அடிக்கற ஒவ்வொரு மாப்பும் 15 நொடிக்கு 20 சதவீதம் மெதுவாகும். எட்டு மாப் அடிச்சா எட்டும் மெதுவாகும். மாயம் அடிக்கற மாப்புக்கு வேலை செய்யாது. பாஸ் மேல பெரும்பாலும் வீண்.

லெவல் 45-க்கு மேல வெள்ளை மாயக்காரர் ஹோலி போடுவாங்க. அது மாப்பை ஸ்டன் பண்ணும். முதல் தடவை 4 நொடி, அடுத்தது பாதி, அதுக்கடுத்தது கால், அப்புறம் எடுபடாது. ஸ்டன்ல இருக்கற மாப் அடிக்காது, அப்ப சென்டினல் போட்டா காத்துக்குப் போட்ட மாதிரி. முதல் ரெண்டு மூணு ஹோலி முடியட்டும், பிறகு போடுங்க. அந்த நேரத்துல ஆர்ம்ஸ் லெங்த் போட்டாலும் அடிக்க ஆள் இல்லாம 6 நொடி ஓடிடும்.

எங்க பக்கத்துல இருந்து ஒரு தப்பையும் ஒத்துக்கணும். நீங்க ஓடத் தொடங்கறதுக்கு முன்னாடியே ரீஜென் (கொஞ்சம் கொஞ்சமா உயிர் ஏத்தற மந்திரம்) போட்டுவிடற ஹீலர் இருக்காங்க. அந்த ரீஜென் டிக் ஆகும்போது, நீங்க இன்னும் தொடாத மாப் எல்லாம் ஹீலர் மேல திரும்பும். அப்படிப்பட்ட ஆள் வந்தா ஒரு வரி சொல்லிடுங்க: "நான் நின்ன பிறகு ரீஜென் போடுங்க". நாங்களும் உங்க பக்கத்துலயே ஓடி வரணும். மாப் திரும்பினாலும் உங்க எக்லிப்ஸ் வட்டத்துக்குள்ள வரும்.

மண்கவசம்

கவசத்தைக் கேட்கவே மறந்தோம். உடம்பு, கால் ரெண்டும் என்ன லெவல்? ஆஃப் ஃபென்டிங்னு (டேங்க் கவசம்) பேர்ல இருக்கா?

புதுக்கேடயம்

பார்த்தேன். உடம்பு லெவல் 32, கால் 29. ரெண்டும் ஃபென்டிங்தான். மோதிரம் ஒண்ணு ஃபென்டிங் இல்லை.

எக்லிப்ஸ் முறையை மூணு தடவை முயற்சி பண்ணினேன். பக்கத்துல அடிக்கறதெல்லாம் ஒட்டிக்கிச்சு. ஆனா தூரத்துல நின்னு மாயம் அடிக்கறது ரெண்டு, நான் ஓடினாலும் வரலை, பழைய இடத்துலயே நின்னு அடிக்குது. அதுதான் ஹீலரைப் பிடிக்குது.

மண்கவசம்

அப்ப பாதி விடை கவசத்துலயே இருக்கு. தடுப்பு எண்ணுல உடம்பும் காலும்தான் அதிகம் தரும். பணம் கம்மின்னா முதல்ல இந்த ரெண்டையும், பிறகு தலை, கை, பாதம். மோதிரம், காப்பு, காதணி, கழுத்தணி பத்தி இப்போதைக்குக் கவலை வேண்டாம், அதுல தடுப்பு கிட்டத்தட்ட கிடையாது, ஹெச்பி ஏறும் அவ்வளவுதான். டஞ்சன் பெட்டியில் வர்ற ஃபென்டிங் துணியைக் கேட்டு வாங்குங்க, அது உங்களுக்குத்தான்.

தூர மாப்புக்கு: அது உங்களைப் பார்க்க முடிஞ்சா நின்ன இடத்துலேயே அடிக்கும். பார்வை மறைஞ்சா ஓடி வரும். அதனால புல்லை முடிக்கற இடமா ஒரு சுவர் மூலை, தூண், கதவோரம் தேர்ந்தெடுங்க. மூலை தாண்டி உள்ள போய் நில்லுங்க. தூர மாப் உங்களைத் தேடிக்கிட்டு மூலைக்கு வரும், அப்ப உங்க 5 யால்முக்குள்ள. ஒரே ஒரு நிபந்தனை, ஹீலரும் மூலைக்குள்ள வரணும். அவர் வெளியில் நின்னா மாப் அவரைப் பார்த்துடும், நீங்க மறைஞ்சதுக்கு அர்த்தமே இல்லை. மூலை இல்லாத திறந்த இடம்னா நேர் எதிர்: தூர மாப் நிக்கற இடத்துக்கு நீங்களே போங்க, பக்கத்து மாப் உங்களைத் தொடர்ந்து வந்துடும்.

இடதுகை

டிபிஎஸ் (எதிரியை அடிக்கறதே வேலையா இருக்கறவங்க) பக்கத்துல இருந்து. பாஸை சுத்தாதீங்க, ப்ளீஸ். பாஸ் காலடி வட்டத்துல முன்பக்கம் ஒரு அம்பு, பின்பக்கம் ஒரு திறப்பு இருக்கும். துறவி, டிராகூன், நிஞ்சா எல்லாரும் பக்கவாட்டுலயும் பின்னாலயும் நின்னு அடிச்சாதான் முழுப் பலன். சண்டை தொடங்கினதும் பாஸைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க, கூட்டத்துக்கு முதுகு காட்டட்டும். ஆரஞ்சு வட்டம் வந்தா ரெண்டு அடி பக்கவாட்டுல நகர்ந்து, திரும்ப வாங்க. பாஸுக்கு உள்ள புகுந்து மறுபக்கம் போனா அது முழுசா திரும்பும், முன்பக்க வெட்டு எங்க மேல விழும்.

கணக்கன்

அந்த வெட்டுக்குச் சேர்த்துச் சொல்லணும்: அடி எப்ப பதியுதுன்னு நிறைய பேருக்குக் குழப்பம். காஸ்ட் பார் (எதிரியோட திறன் தயாராகறதைக் காட்டற பட்டை) முடியற நொடியில் கணக்கு பதிஞ்சிடும். கத்தி உங்க மேல இறங்கற காட்சி அதுக்குப் பிறகு. காட்சியைப் பார்த்து ராம்பார்ட் அழுத்தினா பயன் இல்லை. பார் முடியறதுக்கு முன்னாடி ஒரு நொடியாவது மிச்சம் இருக்கும்போது போடுங்க.

தாக்குதல் திறன்களை மேக்ரோவுக்குள்ள (ஒரே பொத்தானில் எழுதி வைக்கற கட்டளைகள்) போடாதீங்க. மேக்ரோவுல போட்ட திறன் வரிசையில் காத்திருக்காது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகும்.

புதுக்கேடயம்

உடம்பு, கால் மாத்தியாச்சு. மூலை முறையும் வேலை செய்யுது. ரெண்டு கூட்டம் வரைக்கும் பிரச்சினை இல்லை.

ஆனா சில கட்சியில் (கூட ஆடற குழு) ஒரு டிபிஎஸ் எனக்கு முன்னாடி ஓடி மூணாவது கூட்டத்தையும் இழுக்கறார். அவரைச் சாகவிடணுமா? அப்புறம் எட்டு பேர் ட்ரையல்ல (பாஸ் சண்டை) ரெண்டு டேங்க் இருந்தா பாஸ் முன்னும் பின்னும் திரும்பிக்கிட்டே இருக்கு, யார் தப்பு?

நள்ளிரவு ஹீலர்

சாகவிட்டா அந்த மாப் அடுத்து என் மேலதான் வரும். சண்டை போடறது இருக்கட்டும், முதல்ல எக்லிப்ஸ் வட்டத்துக்குள்ள வாங்கிடுங்க. முடிஞ்ச பிறகு எழுதுங்க: "சென்டினல் இல்லை, அடுத்தது ஒரு கூட்டம்தான்". காரணத்தோட சொன்னா பெரும்பாலானவங்க கேட்பாங்க. கேட்காதவருக்கு நான் ஹீல் தாமதமா தருவேன், அது என் பாடு.

பயிற்சிக்குக் கட்சியே வேண்டாம்னா டியூட்டி சப்போர்ட் இருக்கு. 2022 ஏப்ரல்ல 6.1 பேட்ச்ல தொடக்க காலக் கதை டஞ்சன்களுக்கும் அது வந்தது. கணினித் துணைகள் உங்களைத் தாண்டி ஓடாது, அவசரப்படுத்தவும் செய்யாது. மூலை தேர்வு, கூல்டவுன் வரிசை எல்லாம் அங்க பழகலாம்.

மண்கவசம்

ட்ரையல்ல பாஸ் திரும்பறதுக்குக் காரணம் ரெண்டு பேருக்கும் ஸ்டான்ஸ் ஆன். தொடங்கறதுக்கு முன்னாடி யார் முதன்மைன்னு ஒரு வார்த்தை பேசிட்டு, மத்தவர் அயர்ன் வில்லையோ அவங்க ஜாப்போட ஸ்டான்ஸையோ அணைக்கணும். பேசாதவங்க நிறைய, அப்ப அவர் ஆன் பண்ணி ஓடினா நீங்க அணைச்சுடுங்க. ஈகோவுக்குச் சண்டை போட்டா பாஸ் சுத்தும்.

நடுவுல மாத்த வேண்டி வந்தா: எடுத்துக்கப் போறவர் முதல்ல ஸ்டான்ஸ் ஆன், பிறகு ப்ரோவோக். விடப்போறவர் அதுக்கப்புறம் ஷர்க், அதை மத்த டேங்க் மேல. ஷர்க் உங்க வெறுப்புல 25 சதவீதத்தை அவருக்கு மாத்தும். ஷர்க் முதல்ல போட்டு ப்ரோவோக் பின்னாடி வந்தா ஷர்க்கோட பலன் பெரும்பாலும் வீண், ப்ரோவோக் எப்படியும் அவரை முதல் இடத்துல உட்கார வச்சுடும்.

ஷர்க் லெவல் 48-ல வரும். அதுவரைக்கும் ஸ்டான்ஸை அணைக்கறது ஒண்ணுதான் வழி.

புதுக்கேடயம்

ஷர்க்கைத் தப்பா ஒரு டிபிஎஸ் மேல போட்டுட்டா?

மண்கவசம்

அந்த 25 சதவீதம் அவர் கணக்குல ஏறும், உங்க ஸ்டான்ஸ் பெருக்கத்தோட சேர்த்து. ரெண்டாவது டேங்க் ப்ரோவோக் போட்டுட்டாருன்னா ஒண்ணும் ஆகாது. போடலைன்னா பெரும்பாலும் பாஸ் உங்க மேலயே நிக்கும், ஆனா அவருக்கும் உங்களுக்கும் இடைவெளி குறைஞ்சிடும். கட்சிப் பட்டியல்ல மத்த டேங்க்கை உங்களுக்கு அடுத்த ரெண்டாவது இடத்துக்கு நகர்த்தி வைங்க, விரல் தவறாது.