திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை களப்பணி: வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் வேலை. இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேர்ந்திருக்கிறேன். பாடம், அசைன்மென்ட் எல்லாம் ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம். சேவை நிறுவனம் ஒன்றுக்கு நேரில் போய் வேலை பழகும் களப்பணியில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும். கேட்டுப் பார்த்த நிறுவனங்கள், "வாரநாளில் வாம்மா, ஞாயிற்றுக்கிழமை இங்கே வாட்ச்மேன்தான் இருப்பார்" என்கின்றன. அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கூட இருந்து பார்த்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே.

ஞாயிறன்றும் ஆட்கள் இருக்கும் இடம் எது? முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், குடிநோய் மீட்பு மையம் மாதிரி யோசிக்கிறேன். மீட்பு மையம் என்றால் குடும்பத்தினர் பார்க்க வரும் நாளில் கேஸ் ஒர்க் (தனி ஆளோடும் அவர் குடும்பத்தோடும் செய்யும் பணி), குரூப் ஒர்க் (குழுவோடு செய்யும் பணி) இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் தெரிந்தால் சொல்லுங்கள். கோவை என்றாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இன்னொன்று. எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களோடு செய்யும் வேலையையே களப்பணியாகக் காட்டலாமா? சம்பளம் தரும் முதலாளி பற்றி நேர்மையாக ரிப்போர்ட் எழுத முடியுமா என்று எனக்கே சந்தேகம். வேலை பார்த்துக்கொண்டே முடித்த அக்கா, அண்ணன்மார் யாராவது இருந்தால், ஸ்டடி சென்டரில் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். படிப்பை அதிகபட்சம் 4 வருஷம் வரை இழுக்கலாம், ஆனால் வீட்டில் அவ்வளவு பொறுக்க மாட்டார்கள்!