அக்னிவீர் 4 வருஷம், பழைய சிப்பாய் 19 வருஷம்: வயசுக் கணக்கு எப்படி?

கேள்வி:
தம்பிக்கு 20 முடிந்துவிட்டது. ராணுவத்தில் ஜெனரல் டியூட்டிக்கு (பொதுப் பணிச் சிப்பாய்) இன்னும் வாய்ப்பு இருக்கிறதா? சேர்ந்தால் 4 ஆண்டுதானா? 15, 17, 19 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில் 1:
2022 ஜூனில் அக்னிபத் திட்டம் (சிப்பாய்களை 4 ஆண்டுக்கு மட்டும் எடுப்பது; அப்படிச் சேர்பவர்தான் அக்னிவீர்) வந்தபோது வயது 17½ முதல் 21. அந்த ஆண்டுக்கு மட்டும் 23 வரை விட்டார்கள். அதை நம்பி இன்றும் ஏமாறுகிறவர்கள் உண்டு. வயதைக் கணக்குப் போடாதீர்கள். அறிவிப்பில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பிறந்தவர்கள்' என்று இருக்கும், ஒரு நாள் தள்ளினாலும் கிடையாது. எடுத்துக்கொள்வது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைத்தான். ஆதாரில் தேதியோ இனிஷியலோ மாறியிருந்தால் பதிவுக்கு முன்பே சரிசெய்யுங்கள். ஓட்டத்தில் தேறியவர்கள் ஆவணச் சரிபார்ப்பில் வெளியேறுவது இதனால்தான்.

பதில் 2:
நீங்கள் கேட்ட எண்கள் எல்லாமே உண்மை, ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு. 17, 19 அக்னிபத்துக்கு முந்தைய பழைய முறையில் சேர்ந்தவர்களுக்கு: சிப்பாய்க்கு 17 ஆண்டு, நீட்டிப்பு 2. பதவி உயர்ந்தால் இந்தக் காலமும் கூடும்: ஹவில்தார் 24+2, நாயப் சுபேதார் 26+2, சுபேதார் 28+2, சுபேதார் மேஜர் 32+2. இதோடு வயது வரம்பும் உண்டு: ஹவில்தாருக்கு 49, சுபேதாருக்கு 52, சுபேதார் மேஜருக்கு 54. எது முதலில் வருகிறதோ அன்று வீட்டுக்கு. அந்த 2 ஆண்டு தானாக வராது. மெடிக்கல் கேட்டகிரி (உடல்தகுதித் தரம்) இறங்கினாலோ ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைப் பதிவு) சேர்ந்தாலோ, நீட்டிப்புக்கான ஸ்கிரீனிங்கில் நிறுத்திவிடுவார்கள். 15 என்பது சிப்பாய் பென்ஷன் வாங்கத் தேவையான குறைந்தபட்ச சர்வீஸ்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. 4 ஆண்டு முடிந்ததும் கையில் என்ன வரும்?

பதில் 3:
முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 30,000. அதில் 9,000 பிடித்து 21,000 கையில் தருவார்கள். நாலாம் ஆண்டு 40,000, பிடித்தம் 12,000. நாலு ஆண்டில் பிடித்தது 5.02 லட்சம், அதே அளவு அரசு போடும், வட்டியோடு சுமார் 11.71 லட்சம். இதுதான் சேவா நிதி. இதற்கு வருமான வரி இல்லை. பென்ஷன், கிராஜுவிட்டி, ராணுவ கேன்டீன் சலுகை, முன்னாள் படைவீரர் தகுதி எதுவும் இல்லை. பாதியில் தானாக விலக, மிக அபூர்வமான காரணம் இருந்தால்தான் விடுவார்கள்; அப்போதும் அரசின் பங்கு கிடைக்காது.

4 ஆண்டு முடித்தவர்களில் 25 சதவீதம் பேர் வரை எடுத்து இன்னும் குறைந்தது 15 ஆண்டு வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு சேவா நிதியில் சொந்தப் பங்கும் வட்டியும்தான். மற்றவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் (CRPF, BSF போன்றவை) வயதில் 3 ஆண்டு தளர்வு உண்டு. 23 வரம்புள்ள கான்ஸ்டபிள் வேலைக்கு 26 வரை. தம்பி 21-ல் சேர்ந்தால் 25-ல் வெளியே வருவார். அதற்கு ஓர் ஆண்டுதான் மிஞ்சும். நாலாம் ஆண்டிலேயே தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.