செக்‌ஷன் 21-ஐ எடுக்க ஏன் இத்தனை வருடம்?

குரோய்டன்வாசி:
இங்கிலாந்தில் காரணமே சொல்லாமல் வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வழிவிடும் செக்‌ஷன் 21-ஐ எடுத்துவிடுவோம் என்று தெரசா மே அரசு 2019-லேயே சொன்னது. சட்டம் வந்ததோ 2025 அக்டோபரில். நடுவில் வீட்டுக்காரர்கள் சங்கம் எம்.பி.க்களைப் பிடித்து இழுத்தடித்ததா?

தேநீர்க்கடை:
பெரும்பாலும் ஆமாம். 2023 மே மாதம் வீட்டுவசதி அமைச்சர் மைக்கேல் கோவ் காலத்தில் மசோதா வந்தது. காலி செய்யும் வழக்குகளில் கோர்ட் தாமதத்தைச் சரிசெய்யாமல் 21-ஐத் தொடாதீர்கள் என்று வீட்டுக்காரர்களின் சங்கமான என்.ஆர்.எல்.ஏ. விடாமல் சொன்னது, அப்போது ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் பலரும் (அவர்களிலேயே வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு) அதையே பேசினார்கள், அரசும் கோர்ட் சீரான பிறகுதான் என்று தள்ளிப்போட்டது. 2024 தேர்தல் வந்ததும் மசோதா காலாவதி.

ஹாரோ_சிவா:
நானும் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கோர்ட் தாமதம் கட்டுக்கதை இல்லை அண்ணா. வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்ல முன்பு இரண்டு மாத பாக்கி போதும், புதுச் சட்டத்தில் மூன்று. எம்.பி.யிடம் பேசுவது எப்படித் தப்பு, வாடகைக்கு இருப்பவர்களின் அமைப்புகளும் பேசத்தானே செய்கின்றன?

மல்லிகா:
பேசட்டும், சரி. ஆனால் ஓட்டுப் போடும் எம்.பி.யே வீட்டுக்காரராக இருந்தால்? வீட்டை விற்கவோ தானே குடிவரவோ இப்போதும் காலி செய்யச் சொல்லலாமே, குடிவந்த முதல் வருடம் மட்டும் முடியாது, நான்கு மாத நோட்டீஸ் வேண்டும்.

குரோய்டன்வாசி:
புதுச் சட்டம் அமலாகும் 2026 மே 1-க்கு அப்புறம் வாடகையை ஏற்றினால்?

மல்லிகா:
வருடத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், இரண்டு மாத நோட்டீஸோடு. அதிகம் என்றால் டிரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) போங்கள்.